பதினொன்றாம் கேள்வியும் இரண்டு மாலைகளும்

நாடாளுமன்றத்துக்கு மாலையெல்லாம் வேண்டாம் என்று அமிர்தலிங்கம் அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. நானே சொன்னேன். பஸ்ஸுக்குப் பேசியபோது சொன்னேன், முதல் நாள் சாயங்காலம் கோயில் வாசலில் வைத்துச் சொன்னேன். விடிவதற்கு முன்பு பஸ்ஸில் ஏறும்போது அவர் கையில் வெள்ளை ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னேன். அவர் தோட்டக் கமிட்டித் தலைவர், கோயிலுக்கும் தலைவர். அவர் காதில் விழுவதெல்லாம் நாதஸ்வரம் மட்டும்தான்.

"சும்மா போயி கேள்வி கேளுங்கன்னு நிக்க முடியுமா, புஷ்பா? நமக்குன்னு ஒரு மொற இருக்குலா. கேக்குற ஒய்பிக்கு ஒண்ணு, பதில் சொல்ற அமைச்சருக்கு ஒண்ணு. தெமியாங்கு பூக்கடையில சொல்லி கட்டுனது. ஆர்க்கிட் மால."

ஒய்பி என்றால் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். அண்ணன் பெட்டியைத் திறந்தும் காட்டினார். ஊதாவும் வெள்ளையுமாக இரண்டு மாலைகள், கீழே ஐஸ் கட்டி. எங்கள் வீடு இடிபடாமல் இருக்க வேண்டும் என்று போகிறோம், இவர் கல்யாணத்துக்குப் புறப்பட்டு வருகிறார்.

எங்கள் தோட்டத்துக்குச் சுங்கை கெலாடி என்று பெயர். செனாவாங்கிலிருந்து உள்ளே போக வேண்டும். ரப்பர் போய், செம்பனை வந்து, இப்போது அதுவும் போய் வீடமைப்புக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. நாங்கள் யாரும் இப்போது மரம் வெட்டிப் பால் எடுக்கப் போவதில்லை. நான் செனாவாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறேன். ஆனால் குடியிருப்பது அப்பா காலத்து லயத்தில்தான், தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீட்டில். கம்பெனிக்காரன் ஒரு வார்த்தை சொன்னான். அரசாங்கம் தோட்டத்து மக்களுக்குக் கட்டித்தரும் வீட்டுத் திட்டத்தில் உங்கள் தோட்டம் இருந்தால், அந்த வீடுகள் எழும்பும் வரை லயத்தைத் தொட மாட்டோம். இல்லையென்றால் மாதக் கடைசியில் இடிப்போம். சொன்னதோடு நிற்காமல், மண் வாரும் மிஷின் ஒன்றையும் கொண்டுவந்து தோட்டத்து வாசலில் நிறுத்திவிட்டான். பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

திட்டத்தில் நாங்கள் இருக்கிறோமா இல்லையா? இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கேட்டோம். இரண்டு தடவையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. ரஹாங்கில் இருக்கும் எங்கள் வக்கீல்தான் வழி சொன்னார்: "சபையில அமைச்சர் வாயால வரணும். எழுத்துல கேட்டா எழுத்துலதான் மழுப்புவாங்க. நேர்ல கேட்டா, ஒய்பி அங்கேயே எழுந்து இன்னொரு கேள்வி கேக்கலாம். அப்ப உண்டு, இல்லன்னு சொல்லித்தான் ஆகணும். அத வச்சி கோர்ட்டுல தடை கேப்போம்."

அதற்காக எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒய்பி சசிதரனின் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். ஷிப்டு முடிந்து போவேன், லீவு போட்டுப் போவேன். கடைசியில் கேள்வி பட்டியலில் ஏறியது. பதினொன்றாம் கேள்வி. கேள்வி நேரம் பதினொன்றரைக்கு முடிந்துவிடும். பாதி நாட்கள் பத்தாம் கேள்வியோடு நின்றுவிடும் என்று ஒய்பியின் உதவியாளர் ஷாமினி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எட்டாமல் போன கேள்விக்கு எழுத்தில்தான் பதில். மறுபடியும் பரிசீலனை.

வாசலில் பாதுகாவலர் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். கீழே கூடத்தில் வைத்துக்கொள்ளலாம், மேலே பார்வையாளர் மாடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார். கைத்தொலைபேசியும் கூடாது. நாங்கள் எல்லாரும் போனைக் கொடுத்து அட்டை வாங்கினோம். அமிர்தலிங்கம் அண்ணன் மட்டும், "நான் கீழயே இருக்கேன். மால வாடிடக் கூடாது," என்று பெட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தொல்லை விட்டது என்று நான்கூட நினைத்தேன். அவர் போன் அவரிடமே இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

மாடத்தில் எங்கள் லயத்துச் செல்லம்மா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். செருப்பு போட்டு வரக் கூடாது என்றதால், பட்டுச்சேலைக்குக் கீழே மகனுடைய பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து, வெள்ளை கேன்வாஸ். அதைச் சேலைக்குள் இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டிருந்தார். பேசக் கூடாது, கைதட்டக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஊழியர் ஒருவர் சொல்லிவிட்டுப் படிக்கட்டருகில் நின்றார்.

கீழே சபை பெரிய மண்டபம்தான், ஆனால் ஆட்கள் சிதறிக் கிடந்தார்கள். ஒய்பி சசிதரன் பின்வரிசையில் இருந்தார். மேலே பார்த்துத் தலையாட்டினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

முதல் சில கேள்விகள் ஆமை வேகத்தில் போயின. ஓர் அமைச்சர் ஆற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். துணைக் கேள்வி கேட்டவர் கேள்வியை விட்டுவிட்டுத் தன் தொகுதிப் பெருமையைச் சொன்னார். சுவர்க் கடிகாரம் மட்டும் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது. ஆறாம் கேள்வி முடிந்தபோது பதினொன்று தாண்டியிருந்தது. நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். வராது. எட்டோடு நின்றுவிடும்.

"வருமா, புஷ்பா?" என்று செல்லம்மா அக்கா உதட்டை அசைத்தார்.

"வரும்க்கா. பேசாதீங்க."

ஏழாம் கேள்வி முடிந்தது. சபாநாயகர் எட்டாம் கேள்வியைக் கூப்பிட்டார். கேட்டவர் இடத்தில் இல்லை. ஒன்பதைக் கூப்பிட்டார். அவரும் இல்லை. ஆள் இல்லாத கேள்வி அப்படியே விழுந்துவிடும். பத்தாம் கேள்விக்கு ஓர் அம்மா எழுந்தார். பதில் சொல்ல அமைச்சர் எழுந்தார். அடுத்தது நாங்கள்தான். கடிகாரத்தில் இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பின்வரிசையைப் பார்த்தேன்.

ஒய்பி சசிதரனின் நாற்காலி காலி.

கண்ணைத் தேய்த்துப் பார்த்தேன். மேசையில் காகிதம் இருக்கிறது, மூக்குக் கண்ணாடிக் கூடு இருக்கிறது, ஆள் இல்லை. ஒன்றுக்கு ரெண்டுக்குப் போயிருப்பார், வந்துவிடுவார் என்று மனம் சொன்னது. ஆனால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் என்ன ஆயிற்று என்று இப்போதுதானே பார்த்தேன். இங்கிருந்து கத்தினால் என்னைத் தூக்கி வெளியே போடுவார்கள், கேள்வியும் போகும். போனும் கையில் இல்லை. நான் எழுந்தேன். ஊழியர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தேன். அவர் வழிவிட்டார்.

படிக்கட்டில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். கீழே கூடத்துக்கு வந்து பார்த்தால், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நடுக்கூடத்தில் ஒய்பி சசிதரன் கைகூப்பிச் சிரித்தபடி நிற்கிறார். கழுத்தில் ஆர்க்கிட் மாலை. அமிர்தலிங்கம் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு, போன் பிடித்திருந்த ஷாமினிக்குச் சொல்கிறார்:

"ஒய்பி கண்ண மூடிட்டாரு பாரும்மா. இன்னொன்னு எடு. மாலையோட நுனி தெரியணும்."

"அண்ணே, உள்ள நம்ம கேள்வி வந்திருச்சு," என்றேன்.

"எட்டாவதுதானே போகுது?" என்று ஒய்பி கேட்டார். முகத்தில் இன்னும் படத்துக்கான சிரிப்பு.

"எட்டும் ஒம்பதும் ஆள் இல்லாம விழுந்திருச்சு ஒய்பி. பத்து ஓடுது. நீங்க உள்ள இல்ல."

அவர் முகத்தில் சிரிப்பு செத்தது. மாலையைக் கழற்றப் போனார். தெமியாங்கில் சொல்லிக் கட்டியது ஆயிற்றே, கெட்டியான சரிகைக் கயிறு. அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை நாடாவோடு பின்னிக்கொண்டது. இழுத்தார், இறுகியது. "விடுங்க, ஓடுங்க," என்று நான் அவர் முதுகில் கைவைத்துத் தள்ளியேவிட்டேன். ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைத் தள்ளியவள் எங்கள் தோட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் மாலையோடு ஓடினார்.

நாங்கள் அந்தக் கதவுக்குள் போக முடியாது. கூடத்தில் சபை நடவடிக்கை ஓடும் தொலைக்காட்சி ஒன்று இருந்தது. அதன் முன்னால் போய் நின்றோம். சபாநாயகர் பதினொன்றாம் கேள்வியைக் கூப்பிடுகிறார். ஒரு விநாடி யாரும் இல்லை. பிறகு மூச்சு வாங்க ஒய்பி சசிதரன் எழுந்து நிற்கிறார். மார்பில் ஊதா மாலை ஆடுகிறது. துணை அமைச்சர், முக்காடிட்ட நடுவயது அம்மா, பதிலுக்குத் தயாராகக் காகிதத்தை எடுக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பித்தோம் என்று அமிர்தலிங்கம் அண்ணனின் கையைக்கூடப் பிடித்தேன்.

அப்போது எதிர்வரிசையில் ஒருவர் எழுந்து விதியைக் கிளப்பினார். சபைக்குள் இப்படி அலங்காரத்தோடு வரலாமா, உடை விதி என்ன சொல்கிறது என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒய்பியின் பக்கத்திலிருந்து இன்னொருவர் எழுந்து, ஓர் இனத்தின் பண்பாட்டைக் கேலி செய்வதா, மன்னிப்புக் கேள் என்றார். கேலி செய்யவில்லை, விதியைத்தான் கேட்டேன் என்று முன்னவர். சபாநாயகர் மாலையைக் கழற்றிவிட்டுக் கேள்வியைக் கேட்கும்படி அமைதியாகத்தான் சொன்னார். கழற்றத்தான் முடியவில்லையே.

அந்த நேரத்திலாவது எங்கள் ஒய்பி வாயைத் திறந்து கேள்வியைக் கேட்டிருக்கலாம். அவர் மாலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இது வெறும் பூ அல்ல, எங்கள் மக்களின் மரியாதை, தலைமுறை தலைமுறையாக நாங்கள் கட்டிக் காத்த மானம் என்று குரலை உயர்த்தினார். மேசைகளைத் தட்டினார்கள். எதிர்ப்பக்கம் கூச்சல் எழுந்தது.

"கேள்வியக் கேளுங்க," என்று நான் தொலைக்காட்சியைப் பார்த்துச் சொன்னேன். "ஒய்பி, கேள்வி."

மாலைக்காக அந்தச் சபையே பிரிந்து நின்று சண்டை போட்டது. எங்கள் வீட்டுக்காக ஒரு வாய் திறக்கவில்லை. சபாநாயகர் மேசையைத் தட்டி எல்லாரையும் உட்கார வைத்தபோது கடிகாரத்தில் பதினொன்றரை. கேள்வி நேரம் முடிந்தது என்றார். துணை அமைச்சர் காகிதத்தைக் கோப்புக்குள் வைத்து மூடினார். அவர் முகத்தில் கவலையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஒரு வேலை மிச்சம், அவ்வளவுதான்.

நான் திரும்பி அமிர்தலிங்கம் அண்ணனைப் பார்த்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிடத்தான் வாயைத் திறந்தேன். அந்த மனுஷன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் ஒய்பிக்கு மெசேஜ் போட்டேன்," என்றார். "ரெண்டு நிமிஷம்னு போட்டேன். பதினொண்ணாவதுக்கு நேரம் இருக்குன்னு நெனச்சேன் புஷ்பா. வெறுங்கையா கேக்க வைக்கக் கூடாதுன்னு…"

அவர் வீடும் அதே லயத்தில்தான் இருக்கிறது, என் வீட்டுக்கு மூன்றாவது கதவு. திட்டி என்ன ஆகப் போகிறது.

மேலேயிருந்து செல்லம்மா அக்காவும் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். போன்களைத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தபோது சபையின் பக்கக் கதவு திறந்தது. துணை அமைச்சர் வெளியே வந்தார். கூட இரண்டு அதிகாரிகள். தள்ளி நின்ற நிருபர்கள் ஏழெட்டுப் பேர் அவரை நோக்கி நகர்ந்தார்கள். அவர் அவர்களுக்குத் தலையசைத்துவிட்டு வேகமாக வாசல் பக்கம் நடந்தார். வாசலில் கார் நின்றது.

நான் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். இரண்டாவது மாலையை எடுத்தேன். கையில் ஜில்லென்று இருந்தது. நேரே போய், குறுக்கே நின்று, கும்பிட்டு, அவர் முக்காட்டின் மேல் மாலையைப் போட்டேன்.

மாலை விழுந்த கழுத்து நடக்காது. நாற்பது வருஷமாகக் கோயில் கூட்டத்தில், தேர்தல் கூட்டத்தில், பள்ளிக்கூட விழாவில் பார்த்திருக்கிறேன். எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் மாலை விழுந்தால் நின்று, சிரித்து, படம் எடுத்துக்கொண்டுதான் நகர வேண்டும். அந்த அம்மாவும் நின்றார். சிரித்தார். நிருபர்கள் போனைத் தூக்கினார்கள்.

"நான் சுங்கை கெலாடி தோட்டம்," என்று மலாயில் சொன்னேன். அம்மா என்பதற்குப் புவான் என்றேன். "புவான் இன்றைக்குப் பதில் சொல்லத் தயாராக வந்த பதினொன்றாம் கேள்வி எங்களுடையது. எங்கள் வீட்டை மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள். வீட்டுத் திட்டத்தில் நாங்கள் இருக்கிறோமா, இல்லையா?"

எழுத்தில் பதில் வரும் என்று ஓர் அதிகாரி நடுவில் புகுந்தார். செல்லம்மா அக்கா மெல்ல நகர்ந்து அவருக்கு முன்னால் நின்றுகொண்டார். வெள்ளைச் சப்பாத்தை இப்போது மறைக்கவில்லை.

"எழுத்தில் இரண்டு முறை வந்துவிட்டது, புவான்," என்றேன். "அந்தப் பதிலை வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். அதைக் கேட்கத்தான் விடியுமுன்னே புறப்பட்டு வந்தோம்."

துணை அமைச்சர் என்னைப் பார்த்தார். போன்களைப் பார்த்தார். சிரிப்பு மெலிந்தது. ஒரு கை மாலையின் நுனியைத் தடவியது.

"இன்னும் பட்டியலில் இல்லை," என்றார்.

என் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். இல்லை. அதற்குத்தானா இவ்வளவும்?

"சேர்க்க முயற்சி செய்வோம்," என்று அவர் தொடர்ந்தார். "பார்க்கலாம்." கழுத்திலிருந்து மாலையைக் கழற்றக் கையைத் தூக்கினார். எல்லாம் முடியப் போகிறது.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து அமிர்தலிங்கம் அண்ணன் சொன்னார். போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். கண்ணில் நீர் ஓடியது. ஆனால் பழக்கம் விடுமா?

"புவான் கண்ண மூடிட்டாங்க. இன்னொரு தடவ."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "செக்காலி லாகி, புவான்," என்றேன். இன்னொரு முறை. "படம் சரியாக விழவில்லை. முயற்சி, பார்க்கலாம் என்றால் எங்கள் தோட்டத்து மிஷினுக்குப் புரியாது. சேர்ப்பீர்களா?"

நிருபர்களில் ஒரு பெண் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். துணை அமைச்சர் கழற்றப் போன மாலையை மறுபடி சரிசெய்தார். இரண்டாவது படத்துக்கு எல்லாரும் முதல் படத்தைவிட நன்றாகத்தான் நிற்பார்கள். அவரும் நிமிர்ந்து நின்றார்.

"சுங்கை கெலாடி தோட்டத்தைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்கிறேன்," என்றார். "வீடு தயாராகும்வரை அங்கிருக்கிற வீட்டை யாரும் உடைக்கக் கூடாது. கம்பெனியிடம் நானே பேசுகிறேன்."

அதன் பிறகுதான் நான் விலகி வழிவிட்டேன். அவர் மாலையோடு காரில் ஏறினார்.

ஒய்பி சசிதரன் வெளியே வந்தபோது நாடா அறுந்து, மாலை ஒருவழியாக அவர் கைக்கு வந்திருந்தது. பாதிப் பூ உதிர்ந்திருந்தது. "இந்த மால விஷயம் நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் வரும்," என்றார். அதில் அவருக்கு வருத்தமா பெருமையா என்று எனக்கு விளங்கவில்லை. மாலையை அவர் அமிர்தலிங்கம் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

துணை அமைச்சர் பேசியதை அண்ணன் போனில் வீடியோவாகவும் பிடித்திருந்தார்; பஸ்ஸிலிருந்தே அதை வக்கீலுக்கு அனுப்பினேன். சுங்கை பீசி டோலைத் தாண்டும்போது அவர் கூப்பிட்டார். "சபைக்குள்ள சொன்னதுக்கு இருக்குற கனம் இதுக்கு இல்ல. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். நாளைக்கே தடை கேட்டு மனு போடுவோம். கெடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்." நான் அதை அப்படியே எல்லாருக்கும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. செல்லம்மா அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

தோட்டத்து வாசலில் பஸ் மெதுவாகத் திரும்பியது. மிஷின் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் நிழலில் டிரைவர் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னால் உடைப்பான், சொன்னால் ஓட்டிக்கொண்டு போவான்.

அமிர்தலிங்கம் அண்ணன் இறங்காமல் நின்றார். ஆள் கழுத்தில் விழுந்த மாலையைச் சாமிக்குப் போட முடியாது, குப்பையில் போடவும் அவருக்கு மனமில்லை.

"இத என்னா செய்றது, புஷ்பா?"

"வச்சிருங்கண்ணே. அந்த மிஷினு கெளம்பிப் போற அன்னிக்கி அதோட டிரைவருக்குப் போடுங்க."

நான் எரிச்சலில்தான் சொன்னேன். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். திரும்பி மிஷினைப் பார்த்தார், கையிலிருந்த பூவைப் பார்த்தார்.

"அதுக்குள்ள வாடிடுமேம்மா."

"வாடுறதுக்குள்ள போகணும்னு வேண்டிக்கிங்க."

அவர் பெட்டியைத் திறந்து, கரைந்த ஐஸ் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு, மாலையை மடித்து உள்ளே வைத்தார். பிறகு யார் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இடம் இருக்கிறது என்று லயத்தில் ஒவ்வொரு கதவாகக் கேட்டுக்கொண்டு போனார்.